இளங்கொடியைப் போட்ட குழி

மக்க மக்க எருக்குழி அமுங்க வேண்டும். கீர்த்தனா வீட்டு எருக்குழி உப்பியிருந்தது.

அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தவள், அது மழை மப்பு செய்கிற வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் வர மனமில்லாத ஐப்பசிக் காலை. ஓட்டிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டுகிற தண்ணீர், மாட்டுக் கொட்டகையில் செவலைப் பசு சாணத்தை மிதித்துக் கால் மாற்றுகிற சத்தம், ஈர வைக்கோலின் புளித்த வாடை, இதற்கெல்லாம் அப்பால் கொட்டகையை ஒட்டி எருக்குழி. போன மாதம் விளிம்புக்கு ஒரு முழம் கீழே இறங்கியிருந்த குப்பை இப்போது விளிம்பைத் தாண்டி மேலே வந்து, நடுவில் உருண்டு, நாலு பக்கமும் வழவழவென்று சரிந்து நின்றது. யாரும் புதிதாக எதையும் கொட்டவில்லை. கூடை தூக்கிக் கொட்டுகிற நிலைமையில் அவளும் இல்லை. அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

குப்பையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்திகிராமத்தில் விவசாயம் படித்தவள். கல்யாணமாகி வடமதுரைப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு சுற்று ஊர்ப் பெண்களுக்கு உரம் தயாரிக்க வகுப்பெல்லாம் எடுத்தவள். சாணமும் சருகும் வாழைமட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தன் சூட்டிலேயே வேகும். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அதைத் தின்னும். ஈரம் ஆவியாகி, மொத்தமும் பாதியாகச் சுண்டும். எது இலை, எது சாணம் என்று அடையாளம் தெரியாமல் போனால்தான் அது உரம். கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்து, புது மழை வாசம் அடிக்கும். வயலில் போட்டால் கட்டாந்தரைகூடப் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வேர் அதை உறிஞ்சி மறுபடியும் இலையாகவும் காயாகவும் கட்டி எழுப்பும். உருவம் அழிந்ததிலிருந்து உருவம் வரும் என்று வகுப்பில் சொல்லும்போது அவளுக்கே புல்லரிக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் கொட்டாவி விடுவார்கள்.

சொசைட்டிக்குப் பால் எடுக்க வந்த ராயப்பராஜும் குழியைப் பார்த்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"என்ன தங்கச்சி, குழி இம்புட்டு ஒசந்து கெடக்கு? யானையப் போட்டுப் பொதச்சுட்டீகளா?"

"யானைக்கு எங்கண்ணே போக? செவலை கன்னு போட்டப்ப விழுந்த இளங்கொடியப் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"ஆலமரத்துல கட்டலையா?"

"மரம் ஓடைக்கு அந்தப் பக்கமுல்ல இருக்கு. அன்னிக்கும் மழை. அதுவும் எருதானண்ணே."

பசு கன்று போட்டதும் விழுகிற இளங்கொடியை, அந்த நஞ்சுக்கொடியை, வைக்கோலோடு சாக்கில் சுற்றி, பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரக் கட்டித் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வடமதுரை ரோட்டு ஆலமரத்தில் அப்படி ஏழெட்டுச் சாக்குகள் எப்போதும் தொங்கும். ராயப்பராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாய் தோண்டிப் போட்றப் போகுது, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

"நாயே இந்தப் பக்கம் வர்றதில்லண்ணே" என்றாள் கீர்த்தனா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தோட்டத்துக்குள் நாய் வரவில்லை. காக்கா வரவில்லை. குப்பை கிளற வரும் மைனாக்கள்கூட வரவில்லை.

"ஓடையில தண்ணி வருது. தரைப்பாலம் முங்குறதுக்குள்ள போறேன்" என்று அவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சத்தமும் தேய்ந்த பிறகு தோட்டத்தில் மழை மட்டும் இருந்தது. முன்னால் ஓடை, பின்னால் ஏற முடியாத கரடு, நடுவில் இந்த ஒற்றை வீடு. கணவன் மோகன்குமார் கத்தரிக்காய் லோடு ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்.

அவள் காபி போட்டாள். தம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். எழுந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை.

தூங்கும், என்று சொல்லிக்கொண்டாள். சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இப்படித்தான் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோனது. அப்போது அவள் அதைக் கவனிக்காமல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் இரண்டு வருஷமாக அவளுக்குள் குடியிருந்தது. இப்போது எழுந்து நடமாட ஆரம்பித்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"இனிப்புக் குடிச்சுப் படுத்தும் அசையலன்னா லேட் பண்ணாதீங்க. ஒடனே கெளம்பி வந்துருங்க" என்றாள் நர்ஸ்.

மோகன்குமாருக்கும் விஷயத்தைச் சொன்னாள். சற்றுக் கழித்து மறுபடி கூப்பிட்டபோது அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்தது. மார்க்கெட்டிலிருந்து திரும்பி ஓடைக்கரை வரைக்கும் வந்துவிட்டிருந்தான்.

"தரைப்பாலத்துல கழுத்து மட்டும் போகுது புள்ள. நூத்தியெட்டுக்கும் சொல்லிட்டேன், அவங்களும் இங்கதான் வந்து நிப்பாங்க. எறங்கப் போனேன், ராயப்பண்ணன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டாரு. செத்த நேரம் பொறு, வடிஞ்சதும் வாரேன்."

"ஏங்க, அசையவே இல்லங்க."

"அசையும். நீ பயப்படாத" என்றான். அவன் பயப்படுவது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

கன்றுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். செவலை கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுக்கயிறு இறுகி, கழுத்துச் சதை பிதுங்க, எருக்குழியின் சரிவை எட்டி எட்டி நக்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக நக்கியது. மாட்டைக் கட்டியிருந்த முளைக்குச்சி அவள் கண்ணில் பட்டது. என்றைக்கோ வெட்டிக் காய்ந்துபோன வேப்பங்கட்டை அது. அதில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருந்தது. குழி ஓரம் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியின் கட்டைப்பிடியிலும் மூன்று இலை.

அவள் இன்னொரு அடி எடுத்து வைத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

சும்மா இல்லை, விலா எலும்பு அதிர, குதிகால் முட்டித் தெரிய உதைத்தது. கீர்த்தனா குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மழையில் நின்றபடி அழுதாள், சிரித்தாள், என் தங்கமே என் தங்கமே என்று பைத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. புருஷனிடம் சொல்ல வேண்டுமென்று வீட்டுக்குள் ஓடி போனை எடுத்தாள். எடுத்த கையோடு பிள்ளை நின்றுபோனது.

தட்டிப் பார்த்தாள். பேசிப் பார்த்தாள். கல் மாதிரி கிடந்தது. வாசலுக்கு வந்தாள், ஒன்றுமில்லை. கொட்டகை முனைக்கு வந்தாள். லேசாக ஒரு புரளல். குழி ஓரத்துக்கு வந்தாள், உதை. வீட்டுக்குத் திரும்பினாள், நின்றது. அதற்கு மேல் பரிசோதனை செய்ய அவளுக்குத் தைரியம் இல்லை. சாக்கை இரண்டாக மடித்துக் குழி ஓரத்தில் போட்டு, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓடை ஒரு பக்கம் அடைத்திருந்தது, கரடு ஒரு பக்கம் அடைத்திருந்தது. இப்போது இந்தக் குழியும் அவளைப் பிடித்துக் கட்டிவிட்டது. இதை அவிழ்க்க அவளுக்கே மனமில்லை என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது.

குழியிலிருந்து சூடு வந்தது. எருக்குழி சுடும், அது தெரிந்ததுதான். புதுக் குப்பை முதல் சில வாரங்களில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், பிறகு ஆறிவிடும். இது கொதிக்கவுமில்லை, ஆறவுமில்லை. தூங்கி எழுந்த பிள்ளையின் பிடரியில் இருக்குமே, அந்தச் சூடு. வாசனையும் மக்கிய வாசனை இல்லை. சாணம் இல்லை, அழுகல் இல்லை, புது மண் இல்லை. பிரசவமான வீட்டு அறையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற, எண்ணெயும் பாலும் ரத்தமும் கலந்த வெதுவெதுப்பான வாசனை. மழை விழுந்த இடமெல்லாம் மெல்லிய ஆவி கிளம்பியது. ஆவி கிளம்பி நின்றது. மறுபடி கிளம்பியது. அவள் மூச்சும் அதே தாளத்துக்கு எப்போது மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இளங்கொடி என்பது என்ன? ஒரு உடம்பிலிருந்து வாங்கி இன்னொரு உடம்பைக் கட்டுவது. பிறந்ததிலிருந்து விழுகிற வரைக்கும் அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மண்ணுக்குத் தெரிந்த வேலையும் ஏறக்குறைய அதுதான். இரண்டையும் ஒரே குழிக்குள் போட்டு, மேலே சாணத்தை மெழுகி மூடியது யார்? அவளேதான். நல்ல ஈரப்பதம் இருக்கிறதா என்று அன்றைக்குக் கையை வேறு விட்டுப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் உதை குறைந்தது. அவள் சாக்கை இன்னும் உள்ளே நகர்த்திப் போட்டாள். உதைத்தது. செத்த நேரத்தில் மறுபடி குறைந்தது. இன்னும் நகர்ந்தாள். இப்போது கால்கள் சரிவில் பதிந்திருந்தன. பாதம் வழுக்கவில்லை, குப்பை அதை இதமாகப் பிடித்துக்கொண்டது.

சரிவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முட்டை ஓடு. தினமும் அவித்துச் சாப்பிட்டு அவள் நொறுக்கிப் போட்ட ஓடுகள்தான். சுண்ணாம்புச் சத்துக்கு நல்லதென்று குழியில் போடுவாள். ஒன்றை எடுத்தாள். அது முழுசாக இருந்தது. விரிசல்கூட இல்லை. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் முழுசு. கையில் இருந்தது கனத்தது, சுட்டது. காதருகே கொண்டுபோனாள்.

உள்ளே ஏதோ சுரண்டியது.

முட்டையை வைத்துவிட்டாள். போடவில்லை, மெதுவாக, உடையாமல், எடுத்த இடத்திலேயே வைத்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்தால் பிள்ளை நின்றுவிடும். உட்கார்ந்தாள்.

வெளிச்சம் குறைந்தது. மழை விட்டது. செவலை நக்குவதை நிறுத்தவில்லை. சர், சர் என்று நாக்கின் சத்தம். கன்றின் கத்தல் ஓய்ந்துபோயிருந்தது. போன் மடியில் அடித்தது. எடுக்கவில்லை. கையை வயிற்றில் வைத்திருந்தாள், எடுக்கப் பயம்.

உதை. நிற்கும். உதை.

மற்றொரு கையைக் குப்பையின்மேல் ஊன்றினாள், சரிந்துவிடாமல் இருக்க. அந்தக் கைக்குக் கீழேயும் ஒன்று தெரிந்தது.

ஒரு தட்டல்.

வயிற்றில் வைத்த கைக்கு ஒன்று. குப்பையில் வைத்த கைக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரம். இங்கே குதிகால் முட்டினால் அங்கேயும் முட்டியது. இங்கே புரண்டால் அங்கேயும். கவனித்தாள். மூச்சைப் பிடித்துக் கவனித்தாள். வயிற்றுப் பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. குழிப் பக்கம் பலத்துக்கொண்டே வந்தது.

"வேண்டாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "அது என்னோடது. அதக் குடுத்துரு."

டிராக்டர் சத்தம் அப்போதுதான் கேட்டது. ஓடை வடிந்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் தோட்டத்துக்குள் ஆடி ஆடி வந்தது. மோகன்குமார் டிராக்டரிலிருந்து குதித்து ஓடிவந்து, சரிவில் தொடை வரைக்கும் புதைந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன புள்ள இது! குப்பைக்குள்ள எதுக்குடி போயி உக்காந்துருக்க?"

"இங்கன இருந்தாத்தாங்க அசையுது."

"எந்திரி. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில நிக்குது."

"தூக்காதீங்க! நின்னுரும். என் புள்ள நின்னுரும்ங்க. கைய வச்சுப் பாருங்க, இங்க பாருங்க, இந்த மண்ணுல வச்சுப் பாருங்க!"

அவன் பார்க்கவில்லை. பயந்துபோனவளிடம் நியாயம் பேசுகிற நேரம் அதுவல்ல என்று நினைத்தான். எந்தப் புருஷனும் அப்படித்தான் நினைப்பான். அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தான். குப்பை உடனே விடவில்லை. ராயப்பராஜும் வந்து பிடித்தபோது, ஈரமான, மெல்லிய ஒரு சத்தத்தோடு அவள் கால்கள் வெளியே வந்தன. அவள் கத்தினாள். கடித்தாள். மோகன்குமார் அவளை நெஞ்சோடு இறுக்கி டிராக்டரில் ஏற்றினான். "சரியாப் போயிரும், சரியாப் போயிரும்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் கை இரும்பு வளையம் மாதிரி இருந்தது. அன்பில் ஒரு குறையும் இல்லை. அசையத்தான் முடியவில்லை.

வாசல் தாண்டியது. ஒரு புரளல்.

வரப்பு தாண்டியது. மிக லேசாக ஒன்று, மீன் திரும்புகிற மாதிரி.

ஓடைக்குள் டிராக்டர் இறங்கியது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் இரைந்தது. மலையில் எங்கோ மறுபடி பெய்திருக்க வேண்டும். அவர்கள் கரையேறவும் பின்னால் தரைப்பாலத்தின் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக மறையவும் சரியாக இருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. அவள் இரண்டு கையாலும் தேடினாள். அமுக்கினாள். வெறும் பாரம்.

ராயப்பராஜ் டிராக்டரை அணைத்தார். ஆம்புலன்ஸ்காரர் பின்கதவைத் திறந்துவிட்டு ஸ்ட்ரெச்சரை இழுத்தார். எல்லாச் சத்தமும் ஓய்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், ஓடையின் இரைச்சலைத் தாண்டி அது கேட்டது.

மோகன்குமார் தலையைத் திருப்பினான்.

"யாரு வீட்டுப் புள்ள இப்புடி அழுவுது?"

ராயப்பராஜ் இருட்டைப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஒங்க வீட்ட விட்டா வேற ஏது வீடு?"

அழுகை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. தொண்டை புதுசு. பசி. அக்கரையிலிருந்து செவலை அதற்குப் பதில் கொடுத்தது, அடிவயிற்றிலிருந்து, மெல்ல.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கீர்த்தனாவின் நைட்டி மார்புப் பக்கம் வெதுவெதுப்பாக நனையத் தொடங்கியது.